தொற்றும் கதைப்பின்னலும்: '428' என்னும் காட்சிப் புதினம்

அச்சிட்ட புதினத்தில் கதைமாந்தர் எடுக்கும் முடிவை வாசகர் மாற்ற இயலாது. திரையில் படமும் ஒலியும் எழுத்தும் இணைந்து வரும் காட்சிப் புதினத்திலோ, குறித்த இடங்களில் கதை நின்று வாசகரின் தெரிவை வேண்டும். சப்பானில் சுன்சாஃப்ட் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட 'ஒதோகிரிசோ' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 'ஒலிப்புதினம்' என்பது அந்நிறுவனம் இட்ட பெயர். அது 2008-இல் வெளியிட்ட '428', நகரொன்றில் கொடிய வைரஸ் பரவும் அச்சுறுத்தலைப் பொருளாகக் கொண்டது. இப்படைப்பில் தொற்று என்னும் கருத்து கதையின் கட்டமைப்பாகவே அமைந்திருத்தலை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தலைப்பு இருபொருள் உடையது. 4, 2, 8 ஆகிய எண்களைச் சப்பானியர் 'சி', 'பு', 'யா' எனவும் ஒலிப்பர். சிபுயா டோக்கியோ நகரின் ஒரு பகுதி. கதை நிகழும் நாளும் ஏப்ரல் 28 ஆகும். (அகர உகரங்களை எட்டும் இரண்டும் என்று சுட்டும் நம் சைவ நூல் வழக்கு இங்கு நினைக்கத்தக்கது.)

கடத்தப்பட்ட ஒரு பெண்ணுக்கான மீட்புத்தொகையுடன் அவளது இரட்டைச் சகோதரி ஹாச்சிகோ நாய்ச்சிலையருகே காத்திருக்கக் கதை தொடங்குகிறது. தந்தை ஓசாவா வைரஸ் ஆய்வாளர். அவரோடு துப்பறிவாளர், இதழாளர், தெருவைத் தூய்மைசெய்யும் இளைஞர், பூனைவேடமிட்ட ஒருவர் என ஐவரின் கதைகள் காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை இணையாக ஓடுகின்றன. ஒரு மணி நேரப் பகுதியை ஐவரும் கடந்தாலன்றி அடுத்தது திறவாது.

ஒருவருக்காக வாசகர் தேரும் சிறு செயல், அவரை அறியாத மற்றொருவரைத் துன்பமுடிவில் வீழ்த்தும். இத்தகைய முடிவுகள் எண்பதுக்கும் மேற்பட்டவை, சில நகைப்புக்குரியனவும்கூட. வீழ்ந்தவரின் கதையிலேயே பிழையைத் தேடினால் பெரும்பாலும் கிட்டாது. வேறொருவரின் நேரத்துக்குத் திரும்பி, அங்கு எடுத்த தெரிவைக் கண்டறிந்து மாற்றுதல் வேண்டும். நோயுற்றவர் யார் யாரைச் சந்தித்தார் எனப் பின்னோக்கித் தேடும் பொதுநலத்துறையினரின் பணியை இவ்வாசிப்பு முற்றிலும் ஒத்தது. தீங்கின் தோற்றுவாயாக நின்றவர் தமக்கு ஏதும் நேராமல் தம் வழியே செல்கிறார். அறிகுறியின்றி நோயைச் சுமப்பவர் நிலையும் அதுவே. எவரும் தீயது எண்ணவில்லை. ஆயினும் ஒருவர் மடிகிறார். இவ்வுண்மையை ஆசிரியர் கூற்றாக உரைக்காமல் வாசகரின் கையாலேயே நிகழச் செய்தது இப்படைப்பின் தனிச்சிறப்பு எனலாம்.

குறையும் உண்டு. வைரஸ் இங்குப் பெரிதும் ஒரு சதியின் கருவியாகவே வருகிறது; மருத்துவமனை வரிசை, அடைத்த கடைகள், கூலியிழந்தோர் ஆகியவற்றுக்கு இடமில்லை. 2018-இல் ஆங்கில வடிவம் வெளிவந்தது. 2020-க்குப் பின் அதனைப் படிப்போர் எதிர்பார்க்கும் நெடிய ஊரடங்கின் சலிப்பு, ஒரே பகற்பொழுதில் அடங்கும் இக்கதைக்குப் புறத்தே நின்றுவிடுகிறது.