ஒரு துண்டு குறைஞ்சா என்ன?

ஒரே ஒரு துண்டு தொலைஞ்சு போச்சுன்னு யாருமே தொடாத ஜிக்சா புதிர்ப் பெட்டி ஏதாவது உங்க வீட்டுப் பரண்ல கிடக்குதா? குப்பையில போட்டுடாதீங்க!

குப்பையையே கலையாக்கினவர் ஒருத்தர் உண்டு. சண்டிகர்ல நேக் சந்த்னு ஒரு சாலை ஆய்வாளர் இருந்தார். இடிச்ச வீடுகளோட ஓடு, உடைஞ்ச பீங்கான், வளையல் துண்டுன்னு பொறுக்கி, சைக்கிள்ல கொண்டு வருவார். காட்டுக்குள்ள, யாருக்கும் தெரியாம, வருஷக்கணக்கா உட்கார்ந்து அதையெல்லாம் சிலைகளாக்கினார். வளையல் துண்டையே உடையா உடுத்தின பெண்கள் அங்க வரிசையா நிக்கிறாங்க. விஷயம் தெரிய வந்தப்ப, அரசு நிலமாச்சே, அதிகாரிகள் இடிச்சிருக்கலாம். இடிக்கல. 1976-ல ராக் கார்டன்னு பேர் வச்சு மக்களுக்குத் திறந்துவிட்டாங்க.

அதே மாதிரி ஜிக்சா துண்டுகளையும் புதுப் படமா ஆக்கலாம். அதுல இருக்கிற படத்தை மறந்துட்டு நிறத்தை மட்டும் பார்த்துப் பிரிங்க. ஒரு கெட்டி அட்டையில நம்ம திருவண்ணாமலை மலையை வரைஞ்சு, அடிவாரத்துக்குப் பச்சை, பாறைக்குப் பழுப்புன்னு பசை தடவி ஒட்டிக்கிட்டே போங்க. கிரிவலம் போனவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு திருப்பத்துலயும் மலை வேற வேற வடிவம் காட்டும். அதனால ஒரே வீட்டுல ரெண்டு பேர் ஒட்டினாலும் ரெண்டு விதமான மலை வரும்!

மலை உச்சியில ஏத்துற கார்த்திகை தீபத்துக்கு ஆரஞ்சு நிறத்துல ஒரே ஒரு துண்டு போதும். முண்டு நீட்டிக்கிட்டு இருக்கிற பக்கத்தை மேல வச்சு ஒட்டுங்க, அசல் சுடர் மாதிரியே இருக்கும்.