உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரோடு ஒட்டாத தண்ணீர்!

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, தெரிந்ததுதான். தண்ணீரும் தண்ணீரும்? பாலிஎத்திலீன் கிளைக்கால், டெக்ஸ்ட்ரான் இரண்டுமே நீரில் நன்கு கரையும் பாலிமர்கள். மிக நீர்த்த கரைசலில் சமர்த்தாகக் கலந்திருக்கும். செறிவைச் சில சதவீதம் கூட்டினால் போதும்: கலங்கி, மேலொன்று கீழொன்றாகப் பிரிந்துவிடும். இத்தனைக்கும் இரண்டு அடுக்கிலும் பெரும்பகுதி தண்ணீர்தான்! நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் அல்லவா, கண்ணிக்குக் கண்ணி உள்ள சிறு ஒவ்வாமையும் நூற்றுக்கணக்கில் பெருகிவிடுகிறது. ஜெலட்டின், அகார் கரைசல்களில் 1896-இலேயே இதைக் கவனித்தவர் டச்சு அறிவியலர் பைஜெரிங்க்.

மைசூருவில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பிரிதலின் பங்காளி முறை ஒன்றை அன்னாசிச் சாற்றிலுள்ள நொதிகளைப் பிரிக்கப் பயன்படுத்தியது. அங்கே ஒரு பாலிமருக்குப் பதில் பாஸ்பேட் உப்பு. புரதத்தைச் செரிக்கும் புரோமிலைன் பாலிமர் அடுக்குக்கு ஏறிவிடும்; பழத்தைக் கறுக்கவைக்கும் நொதி உப்படுக்கில் தங்கிவிடும்.