அழாத குழந்தைக்கு ஹார்மோன் ஊசியா?

பிரசவ அறை வாசலில் காத்திருப்பவர்களுக்கு 'வீல்' என்ற சத்தம் கேட்டால்தான் போன உயிர் திரும்பி வரும். சில குழந்தைகள் அழுவதில்லை. தொப்புள்கொடி அழுந்தியோ, நஞ்சு முன்னதாகவே பிரிந்தோ, மூளைக்கு ஆக்ஸிஜன் போதாமல் போயிருக்கும். 'இதுக்கு ஒரு ஹார்மோன் ஊசி இருக்காமே, போட்டுடலாமா?' என்று பெற்றோர் பதறிக் கேட்பது நியாயம்தான்.

அந்த ஹார்மோனின் பெயர் எரித்ரோபொய்டின். சிறுநீரகம் சுரப்பது. சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுவது இதன் வேலை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தசோகைக்காகப் போடுவதும் இதே ஊசிதான். மூளை செல்கள் மடிவதையும் இது தடுக்கிறது என்று விலங்குச் சோதனைகளில் தெரிந்தது. பிறந்தது நம்பிக்கை!

மூச்சுத் திணறிய குழந்தையின் மூளை உடனே முழுதாகப் பாழாவதில்லை. சில மணி நேரம் கழித்து இரண்டாவது பாதிப்பு வரும். அதைத் தடுக்கத்தான் பிறந்த 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 72 மணி நேரம் உடலை 33.5 டிகிரி செல்சியஸில் குளிர்விக்கும் வைத்தியம் வந்தது. மேல்நாடுகளில் பலன் தந்த அதே வைத்தியம், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் உள்பட இந்தியா, இலங்கை, வங்கதேச ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளிடம் நடந்த 'ஹீலிக்ஸ்' ஆய்வில் கைகொடுக்கவில்லை. குளிர்வித்தவர்களில் 42 சதவீதமும், மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்ததாக 2021-ல் முடிவு வந்தது.

சரி, ஹார்மோன் ஊசி? அமெரிக்காவில் 500 குழந்தைகளைக் குளிர்வித்து, ஒரு பாதிக்கு இந்த ஊசியும் போட்டார்கள். 2022-ல் வந்த முடிவு: இறப்பு அல்லது வளர்ச்சிக் குறைபாடு, ஊசி போட்டவர்களில் 52.5 சதவீதம், போடாதவர்களில் 49.5 சதவீதம். பக்கவிளைவும் சற்றுக் கூடுதல். குளிர்விக்காமல் ஊசியை மட்டும் போட்டுப் பார்க்கும் 'எம்ப்ரேஸ்' ஆய்வு தெற்காசியாவில் தொடங்கியது இதன் பிறகுதான். ஆய்வு வேறு, அன்றாட வைத்தியம் வேறு. டாக்டர் ஆய்வுக்குச் சம்மதம் கேட்டால், நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

நம் கையில் இருப்பது என்ன?

* வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, 'விடியட்டும்' என்று இருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

* மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ, எங்கே பிரசவத்துக்குப் பதிவு செய்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். நடுராத்திரியிலும் சிசு மருத்துவர் வருவாரா? அவசரத்தில் குழந்தையை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்?

* அழாத குழந்தைக்கு முதல் நிமிடமே பொன்னானது. துடைத்து, கதகதப்பாக வைத்து, தேவைப்பட்டால் பை-மாஸ்க்கால் மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்தால், எந்த ஊசியும் தேவைப்படாமலே பல குழந்தைகள் அழுதுவிடும்.