ஸ்டார் தொங்காத வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் உண்டு!

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில், பாளையங்கோட்டை, தூத்துக்குடி பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு ஸ்டார் தொங்கும். அடுப்படியில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் எண்ணெயில் பொரிகிற வாசனை வாசல்வரை வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கிதாரும் டிரம்மும் தூக்கிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் கோஷ்டி கிளம்பிவிடும். தூக்கம் கெடுகிறதே என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை!

இந்தக் கலகலப்புக்கு நடுவே உங்கள் தெருவை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஸ்டார் தொங்காத ஒரு வீடு இருக்கும். அந்த வருஷம் அங்கே ஒரு சாவு நடந்திருக்கும். "எங்களுக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் இல்லீங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். பலகாரம் சுடுவதில்லை. புதுத்துணி எடுப்பதில்லை. கேரல் கோஷ்டியும் அந்த வாசலைச் சத்தமில்லாமல் கடந்துவிடும்.

அது துக்கத்துக்குக் கொடுக்கும் மரியாதைதான். ஆனால், உள்ளே உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஊரே பாடுகிறது, பாட்டு தன் வீட்டு வாசலில் மட்டும் நின்றுபோகிறது. கணவரைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்கு, மரியாதை எது, ஒதுக்கிவைத்தல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெம்பு இருக்குமா?

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட சங்கதி இல்லை. அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக இருந்த டாக்டர் விவேக் மூர்த்தி, 2023-ல் தனிமையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். உறவும் பழக்கமும் குறைந்துபோனவர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்து 29 சதவிகிதமும், பக்கவாத ஆபத்து 32 சதவிகிதமும் கூடுகிறது என்கிறது அது. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனமும் இதற்கென்றே ஒரு கமிஷனை அமைத்தது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவரிடம் "உப்பைக் குறைங்க" என்று சொல்லத் தெரிந்த நமக்கு, "சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லத் தோன்றுவதில்லையே!

நம் ஊர்ப் பழக்கத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள், அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மதம் பார்ப்பதில்லை. தீபாவளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த தட்டு, கிறிஸ்துமஸுக்கு இந்தப் பக்கத்திலிருந்து போகும். இப்போது என்ன ஆகிவிட்டதென்றால், கடையில் வாங்கிய கேக் பெட்டியைப் பையன் கையில் கொடுத்தனுப்பி விடுகிறோம். அவனும் காலிங்பெல் அடித்து, நீட்டிவிட்டு, ஓடிவந்துவிடுகிறான். தயவுசெய்து நீங்களே போங்கள். அரை மணி நேரம் உட்காருங்கள்.

'போய் என்ன பேசுவது?' என்று தயங்குபவர்கள்தான் அதிகம். ஆறுதல் வசனம் எதுவும் வேண்டாம். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று உபதேசமும் வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "அண்ணன் இருந்தா இந்நேரம் குடில் கட்ட ஆத்து மணல் தேடிக்கிட்டு இருப்பாங்க, இல்லையா மதினி?" என்றால் அவர் அழலாம், அழட்டும். அழவைத்துவிட்டோமே என்று பதறவேண்டாம். அந்தப் பெயரை யாருமே உச்சரிக்காமல் போவதுதான் பலருக்குப் பெரிய வலி. உங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்திலும் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சேர்த்ததை அவரிடம் சொல்லவும் செய்யுங்கள்.

அதைவிட நல்லது, வேலை கொடுப்பது. முந்திரிக்கொத்துக்கு வெல்லப்பாகு பதம் பார்ப்பது லேசான காரியமா? இளகினால் உருண்டை பிடிபடாது. முற்றினால் கல்லாகிவிடும். "பாகு பதம் எனக்குப் பிடிபடல மதினி, வந்து பார்த்துச் சொல்லுங்க, போதும்" என்று கூப்பிடுங்கள். விருந்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்பவர், ஒத்தாசைக்குக் கூப்பிட்டால் வருவார். பரிதாபத்துக்காகக் கூப்பிடுகிறார்கள் என்ற கூச்சமும் இருக்காது.

(சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு: முந்திரிக்கொத்து பாசிப்பயறில் செய்வதாயிற்றே என்று ஏமாற வேண்டாம், அதில் வெல்லமும் எண்ணெயும் தாராளம். ஒன்று போதும். நள்ளிரவு ஆராதனைக்குப் போகும் பெரியவர்கள் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக்கூடாது. மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயக்கம் வரலாம்.)

குழந்தைகளுக்கும் இதில் பங்கு கொடுங்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துப் பராமரித்த விகெர்ன் என்பவரிடம், "கிறிஸ்துமஸ் எப்போ வரும்?" என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்களாம். 1839-ல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் பெரிய மெழுகுவர்த்திகள் நான்கு. இன்று தேவாலயங்களில் காணும் ஆகமன கால வளையம் அதிலிருந்து வந்ததுதான். உங்கள் வீட்டில் ஒரு தாம்பாளமும் நாலு மெழுகுவர்த்தியும் போதும். ஞாயிறுக்கு ஒன்று ஏற்றும்போது, அந்த வாரம் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். பெரியவர்கள் மறந்துபோன ஆட்களையெல்லாம் அவர்கள் ஞாபகமாகச் சொல்வார்கள்!

போலந்து நாட்டில் 24-ம் தேதி ராத்திரி விருந்தில் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக. நம் வீட்டிலும் வைக்கலாம். ஆனால் விருந்தாளி தானாக வருவார் என்று காத்திருக்க வேண்டாம், போய் அழைத்து வாருங்கள். ஊருக்குப் போக லீவு கிடைக்காத நர்ஸ், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோ காலுக்குக் காத்திருக்கும் தம்பதி, மிசோரமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்திருக்கும் பையன்கள்... ஆளுக்கா பஞ்சம்? பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை, பிரியாணிக்கு பாஷை எதற்கு! சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தின் கதையைத்தானே ஒவ்வொரு வருஷமும் குடிலாகக் கட்டிவைக்கிறோம்?

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்ததிலிருந்து, பண்டிகைக்கு மறுநாளே கல்லறைக்கும் கடற்கரைக்கும் மெழுகுவர்த்தியோடு போகிறவர்கள் அவர்கள். சந்தோஷத்தையும் கண்ணீரையும் அடுத்தடுத்த நாளில் வைத்துக்கொண்டு வாழப் பழகியவர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். துக்கத்தில் இருப்பவர் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தாலோ, "நானும் போயிடணும்" என்று சொன்னாலோ, பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் பேசலாம்.

கேரல் கோஷ்டியில் உங்கள் பிள்ளை இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள். ஸ்டார் இல்லாத வீட்டைத் தாண்டிப் போகும் முன், பகலிலேயே ஒரு பெரியவர் போய், "ஒரே ஒரு பாட்டு, டிரம் இல்லாம, மெதுவாப் பாடட்டுமா பெரியம்மா?" என்று கேட்டுவிட்டு வரட்டும். வேண்டாம் என்றால் சரி, வற்புறுத்த வேண்டாம். பாடுங்கள் என்றால், அந்த வாசலில் கொஞ்சம் கூடுதலாகவே நில்லுங்கள்.