தலைமன்னார் இறங்குதுறை: புகையிரதமும் கப்பலும் சந்தித்த இடம்

ஒரு போக்குவரத்துச் சாதனத்திலிருந்து மற்றொன்றுக்குப் பிரயாணிகளை மாற்றிவிடும் பொது நிலையங்களைப் பொறியியல் விடயமாகவே நாம் பெரும்பாலும் நோக்கிவந்துள்ளோம். அவை யாருடைய தேவைக்காக அமைந்தன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இவ்வினாவுக்குத் தலைமன்னார் இறங்குதுறை தக்கதோர் உதாரணமாகும்.

கடலின் குறுக்கே பாலமிடும் யோசனை செலவு கருதிக் கைவிடப்பட்டது. பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பற்சேவை ஆரம்பமாயிற்று. இரு கரைகளிலும் தண்டவாளம் கப்பல் அணையும் மேடைவரை சென்றது. ஒரே பயணச்சீட்டுடன் கொழும்புக் கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் வரை செல்ல முடிந்தது. (இங்கு அகலப்பாதை, அங்கு மீற்றர்ப் பாதை, பாலம் அமைந்திருப்பினும் எங்கோ ஓரிடத்தில் வண்டி மாறவே நேர்ந்திருக்கும்.)

ஆயினும் அந்த இணைப்பு எல்லோருக்கும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. வசதி படைத்தோர் மேடையில் இறங்கிக் கப்பலேறினர். பெருந்தோட்டத் தொழிலாளரோ மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, வைத்தியப் பரிசோதனைக்கும் பதிவுக்கும் உட்பட்ட பின்னரே தொகுதி தொகுதியாக அனுப்பப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தோருள் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் பலர். அக்கொடுமையைப் புகையிரதமும் கப்பலும் குறைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை குறைத்தது வழியின் துன்பத்தையேயன்றித் தொழிலாளரைச் சரக்கென எண்ணும் மனப்பாங்கையன்று.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டியிருந்தது. இரு மாதங்கள் கழியுமுன், டிசம்பர் 22ஆம் நாளிரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிரயாணிகள் வண்டியொன்றும் கடலுக்கு இரையாயிற்று. பின்னர் இராமேஸ்வரம் அதன் இடத்தைப் பெற்றது. தொழிலாளரைக் கொணர்ந்த அதே துறை இப்போது அவர்களைத் திருப்பியனுப்பும் வாயிலாயிற்று. மலையகத்திலிருந்து அவர்களை ஏற்றிவந்த வண்டிக்கு அம்மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.

1984இல் கப்பற்சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் செல்ல வழியின்றித் தங்கிவிட்டோர் பலர். அவர்களது பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழிகண்டது. போரினால் சிதைந்த இருப்புப்பாதை 2015 மார்ச்சில் இறங்குதுறைவரை மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் 2023 ஒக்டோபரில் இந்தியாவுக்கான பிரயாணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, அது நாகபட்டினத்தையும் காங்கேசன்துறையையுமே இணைத்தது. தலைமன்னாருக்குப் புகையிரதம் மட்டுமே வந்து சேர்ந்தது.