மீதிப் பாதிப் பேர்

கடும் வறுமையின் விகிதத்தை 2015க்குள் பாதியாகக் குறைப்போம் என, 2000ஆம் ஆண்டில் ஐ.நா. அவையில் உலகத் தலைவர்கள் உறுதி கூறினர். அந்த இலக்கு 2010லேயே எட்டப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால், மீதிப் பாதிப் பேர்?

2015 செப்டம்பர் 25 அன்று 193 நாடுகள் ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகள், பாதியோடு நிற்கவில்லை. 2030க்குள் கடும் வறுமையை முற்றிலும் ஒழிப்போம், ஒருவரையும் விட்டுவிட மாட்டோம் என்கின்றன. அதே நாளில் அங்கு உரையாற்றிய அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ், மனச்சான்றை அமைதிப்படுத்த மட்டுமே உதவும் உறுதிமொழிகள் போதாது என எச்சரித்தார்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்றவரை நாம் அறிவோம். நம் பங்கில் எந்தக் கணக்கிலும் வராத அந்த ஒருவர் யார்? இந்த வாரம் அவர் வீட்டுப் படி ஏறுவோமா?