மூன்று சில்லு மோட்டார்ச் சைக்கிளும் அதன் நேரோட்டமும்

இருசில்லு மோட்டார்ச் சைக்கிளைப் பல ஆண்டுகள் திறமையுடன் ஓட்டிப் பழகிய ஒருவர், பக்கவண்டி பூட்டிய மோட்டார்ச் சைக்கிளொன்றைப் புதிதாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தவரை அதில் ஏற்றிச் செல்லலாம் என்ற மகிழ்ச்சியோடு வீதிக்கு வருகிறார். ஆனால், முதல் நூறு யார் தூரத்திலேயே அவருடைய நம்பிக்கை தளர்ந்துவிடுகின்றது. வேகத்தைக் கூட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கின்றது. குறைத்தால் வலப்பக்கம் திரும்பப் பார்க்கின்றது. மெதுவாகச் செல்லும்போது கைபிடி நடுங்குகின்றது. வீட்டுக்குத் திரும்பியதும், விற்றவர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று அவர் முடிவு கட்டுகிறார்.

அவருடைய முடிவில் உண்மையுமுண்டு, தவறுமுண்டு. இத்தகைய வண்டியில் தோன்றும் தொல்லைகள் இருவகைப்பட்டன. ஒருவகை, பூட்டிய முறையிலுள்ள பிழையால் வருவன. அவற்றை வீட்டு முற்றத்திலேயே திருத்தலாம். மற்றவகை, அந்த வண்டியின் இயல்பினால் வருவன. அவற்றைத் திருத்தும் சாவி எந்தக் கருவிப் பெட்டியிலும் இல்லை. ஓட்டுபவரே அவற்றை அறிந்து பழகுதல் வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதவர், திருத்த வேண்டியதைச் சகித்துக்கொள்வார். பழக வேண்டியதைத் திருத்த முயன்று அலைவார். இரண்டும் ஆபத்தானவை.

இலங்கை வீதிகளில் நாம் நாள்தோறும் காணும் முச்சக்கர வண்டியில் முன்னே ஒரு சில்லும் பின்னே இரண்டு சில்லுகளும் உண்டு. அதன் இடப்பாதியும் வலப்பாதியும் ஒரே தன்மையன. பக்கவண்டி பூட்டிய மோட்டார்ச் சைக்கிளோ அப்படிப்பட்டதன்று. எஞ்சினும், அது சுழற்றும் பின்சில்லும் ஒரு பக்கத்தில் இருக்கின்றன. பாரத்தைத் தாங்கிக்கொண்டு வெறுமனே உருளும் மூன்றாவது சில்லு மறுபக்கத்தில் இருக்கின்றது. வீதியின் இடப்புறமாகச் செல்லும் நாடுகளில் பக்கவண்டியை இடப்பக்கம் பூட்டுவதே வழக்கம். வலப்புறமாகச் செல்லும் நாடுகளில் அது வலப்பக்கத்தில் அமையும். கீழே கூறப்படுவன யாவும் இடப்பக்கப் பக்கவண்டிக்கு உரியன.

இரட்டை மாட்டு வண்டியை எண்ணிப் பார்த்தால் இதன் இயல்பு எளிதில் விளங்கும். வலப்பக்கத்து மாடு மாத்திரம் விரைந்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். அந்த மாட்டை மாத்திரம் இழுத்து நிறுத்தினால் வண்டி வலப்பக்கம் வளையும். அதுபோலவே, எஞ்சின் முடுகும்போது மோட்டார்ச் சைக்கிள் முந்தப் பார்க்கின்றது, பக்கவண்டி பின்தங்குகின்றது. ஆகவே இடப்பக்க இழுவை தோன்றுகின்றது. வேகம் குறையும்போது பக்கவண்டியின் உந்துதல் அதனை முன்னே தள்ளுகின்றது. ஆகவே வண்டி வலப்பக்கம் திரும்புகின்றது. எவ்வளவு செம்மையாகப் பூட்டினாலும் இவ்வியல்பு முற்றாக மறையாது. சமதரையான வீதியில், ஒரே சீரான வேகத்தில், கைபிடியை வலிந்து பிடிக்காமலே வண்டி நேரே செல்லுதல் வேண்டும். திருத்த வேலையின் இலக்கு அதுவே.

வேலையைத் தொடங்குமுன் எளிய காரணங்களை முதலில் நீக்கிவிடுதல் நன்று. மூன்று ரயர்களிலும் தயாரித்தோர் குறித்த அளவு காற்று இருத்தல் வேண்டும். ஒவ்வொரு சில்லையும் நிலத்திலிருந்து உயர்த்திக் கையால் சுழற்றிப் பார்த்தால், பிறேக் உரசுகின்றதா என்பது தெரியவரும். சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால், பெயாரிங் தளர்ந்துள்ளதா என்பது புலப்படும். பக்கவண்டியைப் பொதுவாக நான்கு இடங்களில் பூட்டியிருப்பர். கீழே இரண்டு, மேலே இரண்டு. அவற்றுள் ஒன்று தளர்ந்திருந்தாலும் பின்னர் எடுக்கும் அளவுகள் யாவும் பயனற்றுப்போகும். புதிய வண்டியிலும் சில நூறு மைல் ஓட்டத்தின் பின் பூட்டுக்கள் தளர்தல் கூடும்.

அடுத்து, மூன்றாவது சில்லின் திசையை அளத்தல் வேண்டும். அது மோட்டார்ச் சைக்கிளுக்கு முற்றிலும் இணையாக நிற்றல் கூடாது; அதன் முன்பக்கம் சிறிதளவு உள்நோக்கித் திரும்பியிருத்தல் வேண்டும். இதற்கு உள்வாங்கல் என்று பெயர் கொடுக்கலாம். பக்கவண்டியின் இழுவையை ஓரளவு ஈடுசெய்வதே இதன் பயன்.

இதனை அளப்பதற்கு வேண்டியவை சமமான சீமெந்துத் தரை, வளைவில்லாத எட்டடி நீளப் பலகைகள் இரண்டு, சில செங்கற்கள், ஓர் அளவு நாடா ஆகியவையே. கைபிடியை நேராக வைத்து, ஓட்டுபவரின் நிறையுள்ள ஒருவரை ஆசனத்தில் இருத்துதல் வேண்டும்; நிறை ஏறியதும் வில்லுகள் அமிழ்ந்து அளவுகள் மாறுவதே இதற்குக் காரணம். ஒரு பலகையைச் செங்கற்களின் மேல் வைத்து, மோட்டார்ச் சைக்கிளின் வலப்பக்கத்தில் முன் ரயரையும் பின் ரயரையும் தொடுமாறு அணைக்க வேண்டும். இரண்டு ரயர்களும் ஒரே அகலமில்லாதபோது, ஒடுங்கிய ரயரின் பக்கத்தில் அகல வேறுபாட்டின் அரைவாசித் தடிப்புள்ள மரத்துண்டொன்றை இடையில் வைத்தல் வேண்டும். மற்றப் பலகையைப் பக்கவண்டிச் சில்லின் வெளிப்புறத்தில் அவ்வாறே அணைக்க வேண்டும். பின்பு முன்சில்லுக்குச் சற்று முன்னும், பின்சில்லுக்குச் சற்றுப் பின்னும் பலகைகளுக்கிடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். முன்னளவு பின்னளவிலும் குறைவாக இருக்கும். அக்குறைவு பொதுவாக 10 முதல் 25 மில்லிமீற்றர் வரை அமைதல் நன்று. தயாரித்தோரின் கைந்நூல் வேறோர் அளவைக் கூறினால் அதனையே பின்பற்றுதல் வேண்டும். அளவு பிழைத்தால், கீழ்ப் பூட்டுக்களைத் தளர்த்தி, சிறிது சிறிதாக நகர்த்தித் திருத்தலாம். உள்வாங்கல் மிகுந்தால் ரயர் தரையில் தேய்ந்து விரைவில் மொட்டையாகும். அந்தத் தேய்மானமே பிழையைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியுமாகும்.

மூன்றாவதாக, மோட்டார்ச் சைக்கிளின் சாய்வைக் கவனித்தல் வேண்டும். அது நிமிர்ந்து நிற்கும்போது அழகாகத் தோன்றினும், பக்கவண்டிக்கு எதிர்ப்புறமாக, அதாவது வலப்பக்கமாக, 1 முதல் 2 பாகை வரை சாய்ந்திருத்தலே முறை. மழைநீர் வடியும் பொருட்டு வீதிகளின் நடுவை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்தி அமைக்கின்றனர். இடப்புறமாகச் செல்லும் வண்டி எப்பொழுதும் இடப்பக்கம் சரிந்த தரையிலேயே ஓடுகின்றது. அச்சரிவை இந்தச் சாய்வு ஈடுசெய்கின்றது. மேசன்மாரின் தூக்குக்குண்டைப் பின்சில்லின் பக்கத்தில் தொங்கவிட்டு இதனை அளக்கலாம். சில்லின் வளையம் 19 அங்குல விட்டமுடையதாயின், அதன் மேல்விளிம்பு கீழ்விளிம்பைக் காட்டிலும் ஏறக்குறைய 8 முதல் 16 மில்லிமீற்றர் வரை வலப்பக்கம் விலகியிருக்கும். மேற்பூட்டுக்களின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் இதனைச் சரிப்படுத்தலாம். வண்டி இன்னும் இடப்பக்கம் இழுத்தால் சாய்வைச் சிறிது கூட்ட வேண்டும். வலப்பக்கம் இழுத்தால் குறைக்க வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மாத்திரம் மாற்றி, உடனே ஓட்டிப் பார்த்து, அளவைத் தாளில் குறித்து வைப்பவர் விரைவில் வெற்றி பெறுவார். இரண்டை ஒருமிக்க மாற்றுபவர் எது பயன்தந்தது என்பதை அறியமாட்டார். சாய்வை மாற்றியபின் உள்வாங்கலை மீண்டும் அளத்தலும் அவசியம். ஒன்றைத் தொட்டால் மற்றதும் சிறிது அசையும்.

இனிக் கைபிடியின் நடுக்கத்தைப் பார்ப்போம். இது பெரும்பாலும் மணிக்கு 20 முதல் 40 கிலோமீற்றர் வரையான வேகத்திலேயே தோன்றுவது. கைபிடித் தண்டைத் தாங்கும் பெயாரிங் தளர்ந்திருப்பதும், ரயரில் காற்றுக் குறைந்திருப்பதும் இதற்குக் காரணமாகலாம். அவை சரியாக இருந்தும் நடுக்கம் நீங்காவிடின், முன்கவையின் அமைப்பே காரணமாகும். கைபிடித் தண்டின் நேர்கோட்டை நிலம்வரை நீட்டினால், அது ரயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே விழும். இவ்விடைத்தூரமே இருசில்லு வண்டியைத் தானாக நேரே செல்லச் செய்கின்றது. ஆனால், சாய்ந்து திரும்ப முடியாத மூன்று சில்லு வண்டியில் அதே தூரம் கைபிடியைப் பாரமாக்குகின்றது, நடுக்கத்துக்கும் இடங்கொடுக்கின்றது. 1955ஆம் ஆண்டு முதல் ஜேர்மனியின் பி. எம். டபிள்யூ. நிறுவனம் தன் மோட்டார்ச் சைக்கிள்களில் ஏள்ஸ் முன்கவையைப் பூட்டியபோது, அதில் இரண்டு அச்சுத்துளைகளை அமைத்தது. ஒன்று தனி ஓட்டத்துக்கு. மற்றது பக்கவண்டி பூட்டும்போது இத்தூரத்தைக் குறைப்பதற்கு. இவ்வசதி இல்லாத வண்டியில் கைபிடி அதிர்வை அடக்கும் கருவியொன்றைப் பூட்டலாம். முன்பே இருந்தால் அதனைச் சிறிது இறுக்கலாம். கவையை வெட்டுதலும் ஒட்டுதலும் வீட்டில் செய்யத்தக்க வேலைகளல்ல. அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

பிறேக்கைப் பற்றியும் ஒரு சொல் உண்டு. மோட்டார்ச் சைக்கிளின் பிறேக் மாத்திரம் பிடித்து, பக்கவண்டியின் சில்லில் பிறேக் இல்லாவிட்டாலோ இருந்தும் பிடிக்காவிட்டாலோ, வண்டி வலப்பக்கம் திரும்பும். இடப்புறமாகச் செல்லும் வீதியில் வலப்பக்கம் எதிர்வரும் லொறியின் பக்கமாகும். ஆதலால், ஆளில்லாத வெளியொன்றில் மெதுவாக ஓட்டி, பிறேக்கைப் பிடித்துப் பார்த்து, வண்டி நேராக நிற்கும்வரை மூன்றாவது சில்லின் பிறேக்கைச் சரிப்படுத்திய பின்னரே நெடுந்தெருவுக்கு வருதல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் எஞ்சி நிற்பது இயல்பு. அதில் மிகவும் அஞ்சத்தக்கது இடப்பக்க வளைவு. அவ்வளைவில் விரைந்து திரும்பினால் பாரம் வலப்பக்கம் ஒதுங்கும்; ஆளில்லாத பக்கவண்டி நிலத்தை விட்டு மேலெழும். பழகாதவர் அச்சத்தில் கைபிடியை நேராக்கிவிடுவார். உடனே வண்டி வீதியின் நடுவைக் கடந்து மறுபுறம் பாயும். பல விபத்துக்களின் வரலாறு இதுவே. இருசில்லு வண்டியில் உடலைச் சாய்த்து வளைவெடுத்த பழக்கம் இங்கே கைகொடாது; கைபிடியைத் திருப்பியே வளைய வேண்டும். வளைவை அடையுமுன் வேகத்தைக் குறைத்தல், உடலை இடப்பக்கம் நகர்த்தி அமர்தல், வளைவினுள் எஞ்சினை மெல்லிய சீரான வேகத்தில் வைத்திருத்தல் ஆகிய மூன்றும் காப்பாற்றும். பழகும் நாட்களில் வெறுமையான பக்கவண்டியில் 25 முதல் 50 கிலோகிராம் வரையான மணல் மூட்டையைத் தாழ்வாக வைத்து, அசையாமல் கட்டிவிடுதல் நன்று. அந்த இடத்தில் குழந்தையை இருத்துவது பின்னரே.

இவ்வண்டிகள் ஒருகாலத்தில் ஏழைக் குடும்பங்களின் மோட்டார்க் காராக விளங்கின. இங்கிலாந்தில் 1912ஆம் ஆண்டிலேயே வாற்சோனியன் என்ற பக்கவண்டித் தொழில் நிறுவனம் தொடங்கியது. 1959ஆம் ஆண்டில் மினி என்னும் மலிவான சிறு கார் வந்தபின் அங்கே இவற்றின் தேவை வேகமாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941ஆம் ஆண்டு, மொஸ்கோவிலிருந்து இர்பிற் நகருக்கு இடம்பெயர்ந்த தொழிற்சாலையின் வழிவந்த யூரல் வண்டிகளோ இன்றும் பக்கவண்டியுடன் விற்பனைக்கு வருகின்றன. 2022ஆம் ஆண்டில் அவற்றைப் பூட்டும் வேலை கசகஸ்தானுக்கு மாறியது.

முற்றத்தில் இரண்டு பலகைகளோடும் ஒரு தூக்குக்குண்டோடும் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டவர், தம் வண்டியைப் பற்றி விற்றவரிலும் அதிகம் அறிந்தவராகிறார். மறுநாள் காலையில் வேகத்தைக் கூட்டும்போது வண்டி சிறிது இடப்பக்கம் இழுத்தால் அவர் கலங்கமாட்டார். அது பிழையன்று, வண்டியின் குணம் என்பதை அவர் அறிவார். இழுவை ஒருநாள் திடீரென்று மிகுந்தாலோ, உடனே இறங்கி நான்கு பூட்டுக்களையும் கைதொட்டுப் பார்ப்பார். அந்த வேறுபாட்டை அறிந்தவர் கையிலேயே பக்கவண்டியில் இருப்பவரின் உயிர் பாதுகாப்பாக இருக்கின்றது.